தங்கையின் கால் வீக்கம்

என் தங்கையைப் பெண்பார்க்க மேல்சித்தாமூரிலிருந்து வருவதாக இருந்த சமயத்தில், அவளுடைய இடது கணுக்கால் வீங்கிக்கொண்டது. அது கொசுக்கடியால் வந்த வீக்கம் என்பதைச் செஞ்சியில் ஒருவரும் ஏற்கவில்லை. எல்லாரையுந்தான் கொசு கடிக்கிறது, இவளுக்கு மட்டும் ஏன் வீங்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். யானைக்கால் என்னும் சொல்லை எங்கள் முன்னிலையில் எவரும் உச்சரிக்கவில்லை. கடைவீதியில் தாராளமாக உச்சரித்தார்கள். பேச்சு மேல்சித்தாமூரை எட்டினால் சம்பந்தம் முறிந்துவிடும்.

அவளை டாக்டரிடம் அழைத்துப்போனேன். குளிர்காய்ச்சல் வந்ததா, தொடை இடுக்கில் நெறி கட்டியதா என்று கேட்டார். இரண்டும் இல்லை. அரிக்கிறதா என்றார், தூங்கவிடாமல் அரிக்கிறது என்றாள்.

"யானைக்கால் இப்படி அரிச்சு, நாலு நாள்ல வடியாதும்மா. கொசுவோட எச்சில் உன் ஒடம்புக்கு ஒத்துக்கல" என்றார்.

இன்று ஒவ்வாமை என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். அன்று எங்களுக்கு அச்சொல் வாய்க்கவில்லை. ஈரத்துணி போடவும், ஒரு பூச்சு மருந்தைத் தடவவும், சொறியாதிருக்கவும், கொசுவலைக்குள் படுக்கவும் சொன்னார். வீட்டில் தண்ணீர் எங்கே தேங்குகிறது என்றும் கேட்டார். எனக்குப் பதில் சொல்லக் கூசியது.

சமணராகிய நாங்கள் கிணற்று நீரை வடிகட்டியே புழங்குவோம். துணியில் தங்கிய உயிர்களை அந்தக் கிணற்றிலேயே நோகாமல் சேர்த்துவிட வேண்டும். நெளியும் கொசுப்புழுக்களை வாளியில் ஏந்தி, நீர்மட்டம்வரை இறக்கி, என் தந்தையார் அத்தனை பரிவோடு விடுவார்.

"நைனா, அதுங்கதான் கொசுவாவுது" என்றேன்.

"ஆவட்டும். அதுக்காவ கொல்லச் சொல்றியா?"

"கொல்ல வேணாம். கெணத்த துணி கட்டி மூடலாமில்ல?"

"உள்ள பொறக்கறது வெளிய எப்டி வரும்? அடைச்சு சாவடிக்கறதும் கொலதான்."

கொசுவலைக்கு மட்டும் இசைந்தார். அதுவும் கண்ணிகளில் கொசு சிக்கி மாளாது என்று விரலை விட்டுப் பார்த்த பிறகு. வலைக்குள் படுத்த நாள்களில் கால் வற்றியது. நிம்மதியடைந்தேன். அவளோ, விருந்தினர் வருவதற்கு முந்தைய மாலை கிணற்றடியில் உட்கார்ந்து பூக்கட்டியிருக்கிறாள். விடிந்தபோது கால் மீண்டும் பூசணிபோல் இருந்தது.

பேச்சு மேல்சித்தாமூரை எட்டித்தான் இருந்தது. மாப்பிள்ளையின் தாயார் உட்கார்ந்ததும், "காலக் காட்டும்மா" என்றார்.

நான் டாக்டர் சொன்னவற்றை வரிசையாக எடுத்துரைக்கத் தொடங்கினேன். தங்கை குறுக்கிட்டாள்.

"கொசு கடிச்சுது அத்தை. வீங்கும், அரிக்கும், வடிஞ்சிடும். நைனா புழுவெல்லாம் கெணத்துலயே வுடறாரு."

தந்தையார் கூரையைப் பார்த்தார்.

"எங்க வூட்லயும் அப்டித்தான் வுடறோம். அங்க வந்து இன்னா பண்ணுவ?"

"வலைக்குள்ள படுப்பேன். அப்பவும் வீங்குனா, உங்க புள்ளைய ஈரத்துணி போடச் சொல்லுங்க."

அந்த அம்மாள் வீக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்தி, தடிப்பின் நடுவிலிருந்த கடிவாயை உற்றுப் பார்த்தார்.

"கால்ல ஒண்ணும் இல்ல. வாய்தான் கொஞ்சம் நீளம்" என்று தம் கணவரிடம் சொல்லிவிட்டு, தாம்பூலத் தட்டை எடுத்து வைக்கச் சொன்னார்.