போளூர் டு ஜமுனாமரத்தூர்: நியூட்ரலில் இறங்க மறுத்த நாள்

ஜவ்வாது மலைக்கு வண்டியில் போகும் வழியைக் கேட்டு இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். நான் அந்த மலைக்கு முதலில் போனது ஊர் சுற்ற அல்ல, லாரி ஓட்டப் பழக. எண்பதுகளின் தொடக்கம், மாசி மாதம், எனக்கு இருபத்திரண்டு வயது. லைசென்ஸ் புதிது. புளி மூட்டை ஏற்றிவரச் சொல்லி, மாணிக்கம் என்ற பழைய டிரைவருடன் முதலாளி என்னை அனுப்பினார்.

காலை ஆறு மணிக்குப் போளூரில் கிளம்பினோம். ஜமுனாமரத்தூர் நாற்பது கிலோமீட்டர் சொச்சம். அத்திமூர் தாண்டியதும் ஏற்றம். ஸ்டியரிங் என் கையில், ஸ்பேனர் மாணிக்கம் கையில். கியர் சரியாக விழாவிட்டால் முழங்கையில் ஒரு தட்டு. அதுதான் அவர் பாடம்.

நடுவில் ஒரு சரிவு வந்தது. "நியூட்ரல் போடுடா" என்றார். போட்டேன். இஞ்சினின் பிடி விட்டு வண்டி பிய்த்துக்கொண்டு ஓடியது. பிரேக்கை மிதித்து மிதித்து நிறுத்தினேன். ஏதோ கருகும் வாடை.

"ஏண்ணா நியூட்ரல்?"

"இன்னாடா கேள்வி? சொன்னத செய்."

ஒன்பதேகாலுக்கு ஜமுனாமரத்தூர். மூட்டை ஏறும்வரை டீக்கடையில் நின்றேன். நாற்பது காசு டீ, நல்ல டீ. எதிர்ச் சரிவில் ஒரு பஸ் இறங்கி வந்தது. ஏறும்போது முக்குவது போலவே இறங்கும்போதும் முக்கியது. எனக்கு அது விநோதமாக இருந்தது. டீ குடிக்க வந்த பஸ் டிரைவரிடமே கேட்டுவிட்டேன்.

"எறங்கறதுக்கு எதுக்குங்க இஞ்சின் இப்டி கத்துது?"

அவர் சிரித்தார். "ஏறுன கியர்லயே எறங்கறேன். இஞ்சினே வண்டியப் புடிச்சுக்கும். பிரேக்க மட்டும் நம்புனா பாதி வழியில அது கைய விரிச்சிடும்பா."

பதினொன்றரைக்குக் கிளம்பினோம். மூட்டைகளின் மேல் போளூர் சந்தைக்குப் போகும் மலைக்காரர்கள் ஐந்து பேர். அவர்களில் ஓர் அம்மாவின் மடியில் கைக்குழந்தை. இறக்கம் தொடங்கியதும் செகண்டு கியரைப் போட்டேன்.

"நியூட்ரல்!"

"வேணாண்ணா. லோடு இருக்கு, மேல ஆளுங்க இருக்காங்க."

முழங்கையில் ஸ்பேனர் விழுந்தது. அவரே கையை நீட்டி கியரை நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டார். வண்டி எகிறியது. எதிரே கொண்டை ஊசி வளைவு. பிரேக்கைப் பலம்கொண்ட மட்டும் மிதித்து, மண் மேட்டில் ஒதுக்கி நிறுத்தினேன். கீழே குதித்துச் சக்கரத்துக்குக் கல் வைத்தேன்.

"நீங்களே ஓட்டிக்கினு போங்க. நான் நடந்து வர்றேன்."

மேலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார். "இன்னா டிரைவரே?"

நடந்ததைச் சொன்னேன். அவர் குழந்தையை வாங்கிக்கொண்டு இறங்கினார். மற்றவர்களும் இறங்கினார்கள். அந்த அம்மா மட்டும் மாணிக்கத்தைப் பார்த்து, "அந்தத் தம்பி ஓட்டுனா ஏறுறோம். இல்லாங்காட்டி நடக்குறோம்" என்றார்.

மாணிக்கம் ஸ்பேனரைக் காலடியில் போட்டார். "ஓட்டித் தொல."

செகண்டிலேயே இறங்கினேன். முக்கால் மணி நேரத்தில் இறங்குகிற வழிக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. அடிவாரத்தில் நிறுத்தி மறுபடி கேட்டேன், "உண்மையாவே தெரிஞ்சுக்கணும்ணா. ஏன் நியூட்ரல்?"

"ஏன்னு எனக்கு எவன்டா சொன்னான்? எனக்குப் பழக்குனவன் அப்டித்தான் எறக்குனான். கேட்டா அடிச்சான்."

அதுவரை இருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. ஆனாலும் மறுநாள் முதலாளியிடம் போய், அவருடன் இனி போகமாட்டேன் என்றேன். இரண்டு மாதம் வண்டியே தரவில்லை, மூட்டை தூக்கினேன். அப்புறம் வேறொரு டிரைவருடன் அனுப்பினார்கள்.

மலைக்குப் போகிறவர்களுக்கு: வெயில் ஏறுவதற்குள் கிளம்புங்கள். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். கருகும் வாடை வந்தால் ஒதுக்கி நிறுத்தி அரை மணி ஆறவிடுங்கள். வண்டி பழகுகிறவர்கள் பதில் கிடைக்கும்வரை கேளுங்கள், பக்கத்து சீட்டில் கிடைக்காவிட்டால் டீக்கடையில்.

பிற்பாடு என்னிடமும் சிலர் வண்டி பழகினார்கள். மலையில் அவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுத்தது, என் பேச்சை மீறி வண்டியை எப்படி நிறுத்துவது என்பதைத்தான்.