கண்ணாடிக் கடைக்காரரும் காணாமல் போன அருவியும்

மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவருக்கு மங்கலாக எது இருந்தாலும் பிடிக்காது என்பதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஆனால் நம்முடைய ஆளுக்கு அது வியாதி. கடைக்கு வருகிறவரை உயர நாற்காலியில் உட்கார வைத்து, மூக்கின்மேல் கனமான சோதனைச் சட்டத்தை மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்பார். "ரெண்டும் ஒண்ணாத்தாங்க இருக்கு" என்று யாராவது வாய் தவறிச் சொல்லிவிட்டால் போச்சு, மறுபடியும் முதலில் இருந்து. சலூனுக்குப் போனால் அங்கிருக்கும் கண்ணாடியைத் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டுத்தான் தலையைக் கொடுப்பார். தெருவே அவரைத் 'தெளிவுக்காரர்' என்று கூப்பிட்டது. அவருக்கும் அதில் உள்ளுக்குள் பெருமைதான்.

கீழே கடை, மேலே வீடு. வீட்டில் அவரும் மனைவியும். ஒரே ஒரு அக்கா, பேருந்தில் போய்வரும் தூரத்தில் தனியாக இருந்தாள். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். விசில் கழுத்தில் இருந்து இறங்கிவிட்டதே தவிர, குரலில் இருந்து இறங்கவில்லை.

அந்த அக்காவிடம்தான் தெளிவுக்காரர் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். கண் பரிசோதிக்க வந்தவளை நாற்காலியில் உட்கார வைத்து, கடை நிறைய ஆட்கள் இருக்கும்போது, "அக்கா, உனக்கு வயசாயிடுச்சு. ஒத்துக்கோ. தூரத்துக்கு ஒண்ணு, கிட்டத்துக்கு ஒண்ணுன்னு ரெட்டைக் கண்ணாடிதான் இனிமே" என்று சொல்லிவிட்டார்.

"யாருக்குடா வயசாச்சு?" என்று எழுந்தாள் அக்கா. எழுந்தவள் படியிறங்கித் தெருவைக் கடந்து நேராக எதிர்க்கடைக்குள் நுழைந்துவிட்டாள். எதிர்க்கடை என்றால் என்ன கடை? அதுவும் கண்ணாடிக் கடை! கோபத்தில் தம்பி மாட்டிவிட்ட சோதனைச் சட்டத்தைக் கழற்ற மறந்து, அதோடேயே போய்விட்டாள். எதிர்க்கடைக்காரர் அவளுக்குக் கண்ணாடி செய்து கொடுத்து அனுப்பியபின், அந்தச் சட்டத்தைக் காகிதத்தில் பொட்டலம் கட்டி, வெகு மரியாதையாகத் திருப்பி அனுப்பினார். அந்த மரியாதையைத்தான் தெளிவுக்காரரால் தாங்க முடியவில்லை.

அதற்குப்பின் அக்கா இந்த வீட்டுப்படி ஏறவில்லை. போன் செய்தால் "ம்" என்பாள், "சரி" என்பாள், வைத்துவிடுவாள். திடீரென்று ஒருநாள் அவளே கூப்பிட்டாள்.

"ஞாயித்துக்கிழமை வர்றேன். என் பெட்டியை எடுத்து வை. எடுத்துட்டுப் போகணும்."

"எந்தப் பெட்டிக்கா?"

"விளையாட்டுப் பெட்டி. அது என்னுதுதானே? என் பொருள் என் வீட்ல இருக்கட்டும்."

அது அவளுடையதுதான், மறுப்பதற்கில்லை. சின்ன வயதில் ஓட்டப்பந்தயத்தில் முதலாவதாக வந்ததற்கு அப்பா அவளுக்கு வாங்கிக் கொடுத்த வீடியோ கேம் பெட்டி. டிவியின் ஆன்டெனா ஓட்டையில் வயரைச் செருகி விளையாட வேண்டும். அக்கா சிவப்புச் சட்டை ஆள், தம்பி நீலச் சட்டை ஆள். காட்டு வழியே ஓடவேண்டும். முதலை வரும், பறவைகள் கல்லைப் போடும். தம்பிக்குப் பாதி நேரம் முதலை எது, கட்டை எது என்றே தெரியாது. பையனுக்குக் கிட்டப்பார்வை என்று அப்போது வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை, மக்கு என்று நினைத்துவிட்டார்கள். ஆனால் ஆட்டத்தின் நடுவில் ஒரு பெரிய அருவி வரும். அதற்குப் பின்னால் போய் நின்றுகொண்டால் எதுவும் தொடாது. தண்ணீருக்குள் நீலச் சட்டை லேசாகத் தெரியும். "நீ அருவிக்குள்ள போய் நில்லு. நான் பாத்துக்கறேன்" என்பாள் அக்கா. தம்பி நிற்பான். அவள் ஒண்டி ஆளாக எல்லா முதலைகளையும் ஒரு கை பார்த்துவிட்டு வந்து அவனைக் கூட்டிக்கொண்டு போவாள்.

அக்கா கல்யாணமாகிப் போனபோது பெட்டி இங்கேயே தங்கிவிட்டது. "பத்திரமா வெச்சிருக்கியாடா?" என்று எப்போது வந்தாலும் கேட்பாள். இப்போது அதையும் எடுத்துக்கொண்டு போகிறேன் என்றால் என்ன அர்த்தம்? இனி இந்த வீட்டுக்கு வருவதற்கு ஒரு சாக்குகூட மிச்சம் வைக்கமாட்டேன் என்று அர்த்தம். பெட்டி போனால் அக்காவும் போனாள்.

பரணில் இருந்து பெட்டியை இறக்கித் துடைத்து, புது டிவியில் மாட்டிப் பார்த்தார். வேலை செய்தது. ஆனால் படமா அது? ஓரமெல்லாம் கரைந்து, சிவப்பு வழிந்து, மழை பெய்த சுவர் விளம்பரம் மாதிரி இருந்தது. இதையா அக்காவிடம் கொடுப்பது? 'கண்ணாடிக் கடைக்காரன் வீட்டில் இருந்த பொருளின் லட்சணத்தைப் பார்' என்று அவள் சொல்லமாட்டாளா? படத்தைப் பளிச்சென்று ஆக்கிவிட்டால், உட்காருவாள். ஒரு ஆட்டம் ஆடுவாள். ஆடினால் பேசுவாள். இப்படி ஓடியது அவர் கணக்கு.

தெருமுனையில் செல்போன் ரிப்பேர் செய்கிறவர், சொல்லப்போனால், நல்ல மனுஷர்தான். விவரம் கேட்டதும் பெட்டியைத் திறந்து காட்டினார். "உள்ள இருக்கிற சிப்ல சிவப்பு, பச்சை, நீலம் மூணும் தனித்தனியா சுத்தமாத்தான் இருக்கு அண்ணே. அதை எல்லாம் ஒண்ணாக் கலந்து ஒரே வயர்ல தள்ளுறதாலதான் இந்தக் கோலம். சிப்லருந்தே மூணையும் தனியா எடுத்து ஒரு குட்டி போர்டுக்குக் கொடுத்தா, புது டிவியில நேரா மாட்டிடலாம்."

"நானே பண்ணிடறேன்" என்றார் தெளிவுக்காரர்.

"உங்களால முடியுமா?"

"கண்ணாடிச் சட்டத்துக்கு ஆணி போடற கைய்யா இது!"

மனைவிக்குக் கேட்டதுமே பிடிக்கவில்லை. "சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. அது உங்க பொருள்கூட இல்லை. இருக்கிறபடி கொடுத்துட்டு, ஒரு வார்த்தை 'தப்பா பேசிட்டேன்கா'ன்னு சொல்லுங்க. அதுக்கு எந்த போர்டும் வேண்டாம்."

நல்ல யோசனைதான். ஆம்பளைகளுக்கு நல்ல யோசனை என்றைக்கு ஏறியிருக்கிறது?

மதியம் கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, பின்னறையில் வில்லை தேய்க்கிற மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேலையை ஆரம்பித்தார். சிப்பின் கால்கள் எறும்பின் கால்கள். பூதக்கண்ணாடியைக் கண்ணில் கட்டிக்கொண்டு, முடி மாதிரி இருந்த கம்பியை ஒவ்வொரு காலிலும் ஈயம் வைத்துப் பற்றவைத்தார். இரண்டு தடவை விரலைச் சுட்டுக்கொண்டார். ஒரு தடவை சட்டைப் பையைச் சுட்டார். புது சாக்கெட்டுக்கு உள்ளே இடம் போதவில்லை. பழைய வயர் செருகும் தகரக் கூடு இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. இனி அது எதற்கு என்று குறடால் பிடுங்கி எறிந்தார். ரிப்பேர்காரரை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

மேலே கொண்டுபோய் டிவியில் மாட்டினார். கூர்மையாக, கத்தி மாதிரி படம் வந்தது. ஆனால் சிவப்புச் சட்டை பச்சையாக இருந்தது. மரங்கள் சிவப்பாக இருந்தன. முகம்கூடப் பச்சை பிடித்துப் போயிருந்தது.

"இது யாரு, உங்க அக்காவா?" என்றாள் மனைவி. "நீங்க கடையில அப்படிப் பேசினப்போ இந்த நிறத்துலதான் இருந்தாங்க."

இரண்டு கம்பி இடம் மாறியிருந்தது. கீழே இறங்கி மாற்றிவிட்டு வந்தார். இந்தத் தடவை எல்லாம் அதனதன் நிறத்தில் வந்தது. இலை தனியாகத் தெரிந்தது, முதலையின் பல் தனியாகத் தெரிந்தது. தெளிவுக்காரர் டிவிக்கு முன்னால் நின்று தலைகால் புரியாமல் சிரித்தார். தானே கொஞ்சம் ஆடியும் பார்த்தார். முதல் முதலையே அவரைச் சாப்பிட்டுவிட்டது. கண்ணாடி போட்டும் மக்கு மக்குதான். அக்கா இல்லாமல் அவர் என்றைக்கு அருவிவரை போயிருக்கிறார்?

ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்தாள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே வந்தாள். மூக்கில் எதிர்க்கடைக் கண்ணாடி. தெளிவுக்காரர் அதைப் பார்க்காத மாதிரி பார்த்தார். சட்டம் வலது பக்கம் ஒரு இழை சரிந்து இறங்கியிருந்தது. நாக்கு அரித்தது, அடக்கிக்கொண்டார்.

"பெட்டி எங்க?"

"உட்காருக்கா. வேலை செய்யுதான்னு பாத்துட்டு எடுத்துட்டுப் போயேன். ஒரே ஒரு ஆட்டம்."

"எனக்கு பஸ் இருக்கு" என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தாள். படம் வந்ததும் கண்கள் விரிந்தன. "அட! என்னடா இவ்வளவு பளிச்னு இருக்கு?" என்றாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவளிடமிருந்து ஒரு முழு வாக்கியம். தெளிவுக்காரருக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

ஓடினார்கள். சிவப்புச் சட்டை முன்னால், நீலச் சட்டை பின்னால். "குதி! டேய், குதிடா! கண்ணு எங்க இருக்கு?" பழைய விசில் குரல் திரும்பிவிட்டது. மனைவி அடுக்களையில் இருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

"அருவி வருது. உள்ள போய் நில்லு" என்றாள் அக்கா.

அருவி வரவில்லை.

அருவி இருக்க வேண்டிய இடத்தில் மேலிருந்து கீழாக நீலக் கோடு கோடாக இருந்தது. ஒரு கோடு, ஒரு இடைவெளி, ஒரு கோடு, ஒரு இடைவெளி. அசல் ஜன்னல் கம்பி. அதற்குப் பின்னால் தெளிவாக, துல்லியமாக, லாக்கப்பில் போட்ட திருடன் மாதிரி நின்றுகொண்டிருந்தது நீலச் சட்டை.

"அருவி எங்கடா?"

"இங்கதான்கா... இருக்கணும்."

"என்னடா இது, உன்னைப் பிடிச்சு உள்ள போட்டுட்டாங்க? என் பெட்டியை என்ன பண்ணித் தொலைச்ச?"

முதலில் சிரித்தாள்தான். ஆனால் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. கம்பிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். தெளிவுக்காரர் ரிப்பேர்காரருக்குப் போன் போட்டார்.

"ஐயோ, அண்ணே, சொல்ல விட்டுப்போச்சு" என்றார் அவர். "அந்தக் காலத்துல படம் போட்டவங்க கோடாத்தான் போட்டிருப்பாங்க. பழைய வயர் கலக்கி விடும் பாருங்க, அந்தக் கலங்கல்லதான் அது தண்ணியாத் தெரியும். பின்னால நிக்கிற ஆளும் லேசாத் தெரிவான். நீங்க கலங்கலை எடுத்துட்டீங்க, தண்ணியும் போயிடுச்சு. பரவாயில்லை, அந்தப் பழைய கூட்டை மறுபடி வெச்சுடலாம். எங்க அது?"

தெளிவுக்காரர் மனைவியைப் பார்த்தார்.

"பின்னறையில கிடந்த தகரமா? குப்பை வண்டியில போட்டாச்சே."

அவ்வளவுதான். மனுஷர் அப்படியே சோபாவில் சரிந்தார். ஊரில் உள்ள கண்ணையெல்லாம் சரி செய்கிறவர், அக்காவுக்கென்று இருந்த ஒரே அருவியைப் பிடுங்கிக் குப்பையில் போட்டுவிட்டார். போர்டும் ஈயமும் கெட்டிக்காரத்தனமும் எங்கேயோ போய்விட, மனைவி முதல்நாளே சொல்லிக்கொடுத்த வார்த்தைதான் கடைசியில் வாயில் வந்தது.

"தப்பு பண்ணிட்டேன்கா. இதுவும் தப்பு, அன்னிக்குக் கடையில பேசினதும் தப்பு. நீ வராம வீடே நல்லா இல்லை."

அக்கா தலையைக் குனிந்துகொண்டு கண்ணாடியைக் கழற்றினாள். புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். கண்ணாடி கையில் இருக்க, நிமிர்ந்து டிவியைப் பார்த்தாள். பார்த்தபடியே இருந்தாள்.

"டேய்."

"என்னக்கா?"

"கண்ணாடியைக் கழட்டு."

"எதுக்கு?"

"கழட்டுன்னா கழட்டு. கேள்வி கேக்காதே!"

குளிப்பதற்கும் தூங்குவதற்கும் தவிர கழற்றாத கண்ணாடியைத் தெளிவுக்காரர் கழற்றினார். உலகம் கரைந்தது. சுவர் கரைந்தது, மனைவி கரைந்தாள், கம்பிகள் கரைந்தன. கரைந்து, ஒன்றோடொன்று கலந்து, மேலிருந்து கீழாக நீலமாக விழுந்துகொண்டிருந்தது அருவி. அதற்குப் பின்னால், லேசாக, நீலச் சட்டை.

"வந்துடுச்சுக்கா!"

"அங்கேயே நில்லு. அசையாதே. நான் பாத்துக்கறேன்."

இரண்டு பேரும் கண்ணை இடுக்கிக்கொண்டு, கழுத்தை நீட்டிக்கொண்டு ஆடினார்கள். டீயோடு வந்த மனைவி, தட்டை எங்கே வைப்பது என்று பார்த்தாள். மேசைமேல் இரண்டு கண்ணாடிகள் அக்கம்பக்கமாகக் கிடந்தன. "இதுக்குத்தானா அவ்வளவு ஈயத்தை உருக்கினீங்க? முதல்லயே கண்ணாடியைக் கழட்டிட்டுப் பழைய படத்தைப் பாத்திருந்தா வேலை முடிஞ்சிருக்கும்" என்றாள். யாரும் காதில் வாங்கவில்லை. ஒரு பஸ் போய், இன்னொரு பஸ்ஸும் போய்விட்டது.

கிளம்புகிற நேரம் வந்ததும், வாக்கு வாக்குதான் என்று தெளிவுக்காரர் பெட்டியைத் துண்டில் சுற்றி அக்காவின் பைக்குள் வைத்தார்.

அக்கா அதை எடுத்து மறுபடி டிவிக்குப் பக்கத்தில் வைத்தாள். "இதைத் தூக்கிட்டுப் போய் நான் என்ன பண்றது? ரெண்டாவது ஆளுக்கு எங்க போவேன்?" என்றாள். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள், தலையைச் சாய்த்தாள், நேராக்கினாள், எரிச்சலோடு கழற்றித் தம்பியின் கையில் திணித்தாள். "இதை வேணும்னா நீ வெச்சுக்கோ. வாங்கின நாள்லருந்து ஒரு கண்ணு மங்கல். படிக்கறதுக்கும் ஆகலை."

"ஐயோ, அப்பவே சொல்லியிருக்கலாமே!"

"யார்கிட்டடா சொல்றது? உன்கிட்டதானே சொல்லணும்? உன்கிட்டதான் நான் பேசறதில்லையே."

ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் கடை ஷட்டர் கடகடவென்று மேலே போயிற்று. எதிர்க்கடைக்காரர் தன் வீட்டு மாடியில் நின்று வேடிக்கை பார்த்தார். உயர நாற்காலியில் அக்கா உட்கார்ந்தாள். தெளிவுக்காரர் சோதனைச் சட்டத்தை அவள் மூக்கில் மாட்டி, வில்லையைப் போட்டு, ரொம்ப நாளாகக் கேட்க முடியாமல் இருந்ததைக் கேட்டார்.

"இது தெளிவா, அது தெளிவா?"

"ரெண்டும் ஒண்ணாத்தாண்டா இருக்கு" என்றாள் அக்கா. "முதல்லருந்து ஆரம்பி. கடைசி பஸ்ஸுக்கு நேரம் இருக்கு."