காவலூர் வழியில் ஒரு பூசணிக்கொடி

பாறையை உடைத்துக் கிணறு வெட்டியவன் நான். போளூரில் ஆடு மேய்ந்த கரட்டைக் காய்கறித் தோட்டமாக்கி, வரப்போரம் சாமந்தியும் போட்டது இந்தக் கைதான். படிப்பு இரண்டாம் வகுப்போடு சரி.

நான் வந்த காவலூர் பஸ் மலையேறிச் சூடாகி நிற்கிறது. பங்குனி மாதக் காலை. சாலையோரத் தோட்டத்தில் ஓர் அம்மாள் பூசணிக்கொடியைப் பிடுங்கப் போகிறாள்.

"இன்னாம்மா, நல்ல கொடியப் புடுங்கறே?"

"பூக்குதுங்க, பிஞ்சு நிக்கல. இத நம்பித்தான் வெயில் காலத்த ஓட்டணும்."

பக்கத்துப் புளியமரக் கிளையில் புகைக்கரி தெரிகிறது. தேனடையை எடுத்துவிட்டார்கள். பூவுக்குப் பூ போக ஈ ஏது?

"தேன் எடுத்தது யாரு?"

"எங்கூட்டுக்காரருதான். அன்னிலேர்ந்து மீசைய நக்கினே திரியறாரு."

வேலியைத் தாண்டுகிறேன். ஆண்பூ ஒன்றைப் பறித்து, இதழைக் கிள்ளிவிட்டு, அடியில் பிஞ்சு உள்ள பெண்பூவுக்குள் தடவிக் காட்டுகிறேன். அவளும் மடமடவென்று தடவுகிறாள். இரண்டு பேர் விரலிலும் மஞ்சள் பொடி.

"தெனம் காலைல பூ விரிஞ்சதும் இப்படிப் பண்ணு. காய் நிக்கும்."

கண்டக்டர் விசில் ஊதுகிறார். ஓடிப்போய் ஏறுகிறேன்.

"காய்ச்சா உங்களுக்கு ஒண்ணு எடுத்து வெக்கிறேங்க."

படியில் நின்றபடியே சொல்கிறேன்: "காய் வேணாம்மா. சாமி குடுத்துச்சுன்னு மட்டும் சொல்லிடாதே. போளூர் தோட்டக்காரரு காட்டிக் குடுத்தாருன்னு ஊரெல்லாம் சொல்லு."