கதவு முன்னால் நின்றவன்

பரணை ஒழிக்கும்போது அந்தப் பழைய கேம் பெட்டி கிடைத்தது. வெடித்தாலும் வெடிக்கும் என்று பயந்துகொண்டேதான் சார்ஜரைச் சொருகினேன். உள்ளேயிருந்து ஆட்டத்தின் கடிகாரம் ஓடும் சத்தம் கேட்டது.

பெங்களூரு மாமா கொடுத்தது. அதில் ஒரு பையன் பழைய காலத்துக்கும் வருங்காலத்துக்கும் போய்வருவான். எதைத் தொட வேண்டும் என்று இங்கிலீஷில் எழுதி வரும். எட்டாவதோடு நின்றுவிட்ட எனக்கு அக்காதான் படித்துச் சொல்வாள். கடிகாரச் சத்தத்திலும் துப்பு இருக்கும். அதைக் கேட்க, தெருவில் தறியெல்லாம் நிற்கிற மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்குக் காத்திருப்போம்.

அக்கா புருஷன் வீட்டுக்குக் கிளம்பிய அன்று, ஆட்டத்தில் அந்தப் பையன் ஒரு கதவு முன்னால் நின்றான். ஏதோ கேள்வி, கீழே ஆமாம், இல்லை.

"தப்பா அழுத்திட்டா அங்கியே மாட்டிக்குவானாக்கா?"

"நீ அழுத்தாத. ஆடிக்கு வந்து படிச்சிச் சொல்றேன்."

ஆடிக்கு அழைத்து வந்தார்கள். சார்ஜ் போட்டு வைத்திருந்தேன்.

"இன்னும் இத வச்சிகினு கீறியாடா?" என்று சிரித்தாள். அப்புறம் கலசப்பாக்கத்து மாமியார் கதையை அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தாள். நான் பெட்டியைப் பரணில் போட்டுவிட்டேன்.

இன்றும் அதே கதவு, அதே கேள்வி. கேள்விக்கு நேரே செல்போன் கேமராவைக் காட்டினேன். அது தமிழில் சொன்னது: "தனியாகத்தான் போகிறாயா?"

அக்காவுக்குப் போன் போடலாமா என்று பார்த்தேன். மறுபடி சிரிப்பாளோ என்னவோ. 'இல்லை' என்பதைத் தொட்டேன். கதவு மூடிக்கொண்டது. பையன் வெளியிலேயே நின்று, யாரோ வரப்போகிற மாதிரி திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.