கடைசி இரண்டு நொடிக் கவசம்

எங்கள் சங்கரன்கோவில் அலுவலகத்தில் மதிய இடைவேளையில் கைப்பேசி விளையாட்டில் அணி பிரிந்து மோதுவோம். அதில் நான்தான் கெட்டிக்காரன்; ஐம்பது வயதில் எனக்கிருந்த ஒரே புகழ் அது. புதிதாக வந்த முருகையா அதையும் பறித்துக்கொண்டார்.

எதிரியின் விஷ மந்திரம் பத்து நொடி உயிரைத் தின்னும். பெருங்கடி கடைசி இரண்டு நொடியில்தான். ஆளுக்கு ஒரே கவசம்; தனக்கோ கூட்டாளிக்கோ போடலாம். அது தாங்குவதும் இரண்டே நொடி.

அன்று எங்கள் அணியில் மற்றவர்கள் செத்துச் சாப்பிடப் போய்விட்டார்கள். மிஞ்சிய என்மீதும் முருகையாமீதும் விஷம்.

"பொறுங்க அண்ணாச்சி, இப்பவே கவசத்த போட்டுராதிய!"

இவர் யார் எனக்குச் சொல்ல? உடனே அழுத்தினேன். வீணானது. கடைசி நொடிகளில் முருகையா தன் கவசத்தை எனக்குப் போட்டுவிட்டுச் செத்தார். நான் எதிரியை முடித்தேன்.

"ஏன் வே இப்படிப் பண்ணுனீரு?"

"ஒருத்தர் நின்னா ஜெயிச்சிரலாம்லா" என்று டிபன் பாக்ஸைத் திறந்தார்.

எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். நான் மறுக்கவில்லை. அவர் செத்த அழகின்மீதும் எனக்குப் பொறாமை.