சிரிக்கச் சொன்னார்கள், பல் விளக்கினேன்

பாரிசுக்குப் பக்கத்தில் நான் வேலை பார்க்கும் ரொட்டிக்கடைக்கு வருகிறவர்கள் ரொட்டி கேட்பதற்கு முன் சிரிக்கிறார்கள். முன்னே பின்னே தெரியாதவர்கள். நாமும் திருப்பிச் சிரிக்க வேண்டும், அதுவும் பல் தெரிய. மற்ற வேலையெல்லாம் ஒரே வாரத்தில் பழகிவிட்டது, இது மட்டும் வரவில்லை. ஒரு மாதம் பார்த்துவிட்டு முதலாளியம்மா கூப்பிட்டு, "சூரியே மதாம், சூரியே" என்றார். சிரியுங்கள் என்று அர்த்தம். அடுத்த மாதமும் இப்படியே இருந்தால் வேலையில் வைத்துக்கொள்ள முடியாது என்றும் சொன்னார். கல்யாணமாகி இங்கே வந்து எட்டு வருஷத்தில் எனக்கென்று கிடைத்த முதல் வேலை அது. போய்விட்டால் மறுபடி ஜன்னலோரம் உட்கார்ந்து வீட்டுக்காரர் வரும் வழியைப் பார்க்க வேண்டியதுதான்.

நான் சிரிக்காததற்குக் காரணம் பல். நல்ல மஞ்சள். ஊரில், காரைக்கால் பக்கம் நெடுங்காட்டில் இருக்கும் அண்ணிக்குப் போன் போட்டேன்.

"உமிக்கரிய உட்டுட்டு பேஸ்ட்டப் போட்டா இப்புடித்தான் ஆவும். குடுத்து அனுப்புறேன், உப்பு சேத்து அழுத்தித் தேயி. வெரல வச்சு இழுத்தா கீச்சுங்கணும்."

எங்கள் வீட்டில் சுத்தத்துக்கு அந்தச் சத்தம்தான் அத்தாட்சி. காலையில் அப்பா எங்களைக் கிணற்றடியில் நிறுத்தி, பல்லில் விரலை வைத்து இழுத்துப் பார்ப்பார். கீச்சென்றால்தான் காப்பி. அண்ணனுக்கு முதல் தடவையே வந்துவிடும். நான் மூன்று தடவை தேய்ப்பேன்.

திருநள்ளாற்றுக்குப் போய்த் திரும்பிய ஒரு குடும்பம் உமிக்கரியைக் கொண்டுவந்து கொடுத்தது. காலையும் மாலையும் தேய்த்தேன். போதாதென்று எலுமிச்சம்பழத்தையும் பிழிந்துகொண்டேன். "இது பாத்ரூமா, அடுப்படியா?" என்று கேட்டுவிட்டு வீட்டுக்காரர் கறுத்துப்போன தொட்டியைக் கழுவினார். மூன்றாவது வாரம் பச்சைத்தண்ணி பட்டாலே உயிர் போகிற கூச்சம்.

பல் டாக்டர் பார்த்துவிட்டு, இப்படி அழுத்தித் தேய்ப்பது எத்தனை வருஷப் பழக்கம் என்று கேட்டார். சின்னப் பிள்ளையிலிருந்து கல்யாணம் வரை தினமும் மூன்று தடவை, இப்போது மறுபடி காலையும் மாலையும் என்று பெருமையாகவே சொன்னேன். பாராட்டுவார் என்று நினைத்தேன். வெள்ளையாக இருந்த மேல்பூச்சை நீங்களே தேய்த்து எடுத்துவிட்டீர்கள், தெரிவது உள்ளே இருக்கும் மஞ்சள், இனித் தேய்த்தால் இன்னும் தெரியும் என்றார். இத்தனை காலம் அழுக்கென்று நான் தேய்த்தது என் பல்லைத்தான். அப்பா மேல் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. காற்றுப் பட்டால் கூசும் என்பதால் வாயை மூடிக்கொண்டே அழுதேன்.

மறுநாள் முதலாளியம்மாவிடம் என் பல் இனி வெளுக்காது என்று சொல்லி, வேலை போனது போனதுதான் என்று நின்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "பல்லா? நீங்கள் கோபமாக இருக்கிறீர்கள் என்றல்லவா எல்லாரும் நினைக்கிறார்கள்" என்று சிரித்தார். காப்பியும் சிகரெட்டும் ஏறிய அவர் பல் என்னுடையதைவிட மோசம். அன்றிலிருந்து நானும் சிரிக்கிறேன். வேலை நிலைத்துவிட்டது.

இப்போது லீவில் ஊருக்கு வந்திருக்கிறேன். நேற்று காரைக்கால் பஸ் ஸ்டாண்டில் எதிரே வந்த ஒருவரைப் பார்த்து வாய் தானாகத் திறந்துகொண்டது. அவர் திரும்பிப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தார். அண்ணி என் கையைக் கிள்ளினார்.

"யாருடி அவரு?"

"தெரியாது அண்ணி."

"தெரியாதவரப் பாத்து என்னத்துக்குச் சிரிக்கிற?"

மூடிக்கொண்டேன். இன்னும் பன்னிரண்டு நாள். பாரிசில் இறங்கித் திறந்துகொள்ளலாம்.