பௌர்ணமியில் விழுந்த கல்

ராதாபுரம் பக்கம் ஒரு கிணற்று வேலையை விட்டுவிட்டு நடந்துகொண்டிருந்தேன். பஸ் ஸ்டாப் இன்னும் தூரத்தில். சட்டைப்பை முழுக்க மண். காதுக்குள் இன்னும் அந்தக் கல் விழுந்த சத்தம்...

கிணற்றை ஆழப்படுத்தும் வேலை. நானும் ராயப்பனும் உள்ளே பாறை உடைத்து, கிரேன் வாளியில் அள்ளிப் போடுவோம். அன்று மத்தியானம் தேங்காய் அளவுக் கல் ஒன்று மேலிருந்து வந்து என் காதை உரசிக்கொண்டு விழுந்தது.

ராயப்பன் கடற்கரை ஊர்க்காரன். "இன்னைக்குப் பௌர்ணமி லே. நெலா கடலையே தூக்குது, தரையைச் சும்மா விடுமா? உள்ள கல்லெல்லாம் இளகும்."

"பெறகு நாளைக்கு எறங்குவியா?"

"எறங்காம? நீ போனா ஒத்தையில எறங்குதேன்."

கிளம்பிவிட்டேன். எட்டாவதோடு நின்றவன் நிலாவிடம் என்ன வழக்குப் பேச முடியும்?

பஸ் ஸ்டாப்பில் விடைத்தாள் கட்டோடு ஒரு சயின்ஸ் டீச்சர். பயம் வெட்கம் பார்க்காது — கேட்டுவிட்டேன்.

"நெலா தரையையும் இழுக்கத்தான் செய்யுது, அண்ணாச்சி. ஆனா ஒங்களையும் கெணத்தையும் சேத்து ஒண்ணுபோல இழுக்குது. கல்லு மட்டும் எப்படித் தனியா வரும்?"

"என் தலைக்கு மேல இருக்க மண்ணு என்னை மேல இழுக்காதா?"

"அது பூமியைச் சுத்தி ஒரு ஓடு மாதிரி. ஒரு பக்கம் இழுக்கதை மறுபக்கம் சரிக்கட்டிரும். ஒங்களுக்குக் கீழ இருக்கதுதான் இழுக்குது. பூமிக்கு நடுவுல போயிட்டா எடையே இருக்காது."

நடுவிலா? எனக்கு அந்தக் கிணறே போதும்.

"அப்ப கல்லு ஏன் விழுந்துச்சு டீச்சர்?"

"மேல யாரு நின்னா?"

உடைத்த கல்லை விளிம்பிலேயே குவித்திருந்தோம். தண்ணீர் வந்ததா என்று போகிறவர் வருகிறவர் எல்லாம் அதன்மேல் ஏறி எட்டிப் பார்ப்பார்கள். கிரேன்காரர் கண் வாளியில். யாரோ ஒருவரின் செருப்பு பட்டுக் கல் உருண்டிருக்கும்.

நிலாவைக் குற்றம் சொல்வது எவ்வளவு வசதி, இல்லையா? அது திருப்பிப் பேசாது.

பஸ் வந்தது. டீச்சர் ஏறினார். நான் ஏறவில்லை. காலையில் ராயப்பன் இறங்குவான் — அதே குவியலுக்கு நேர் கீழே.

மறுநாள் கிரேன்காரரிடம் வேலை கேட்டேன். உள்ளே அல்ல, மேலே. கல்லை விளிம்பைவிட்டுத் தள்ளிக் கொட்டுவது, ஆட்களைத் தள்ளி நிறுத்துவது.

முதலில் வந்தவர் தோட்டத்துக்காரர். "தண்ணி வந்துட்டா வே?"

"அங்கனயே நில்லுங்க அண்ணாச்சி. வந்தா நானே சொல்லுதேன்."

உள்ளேயிருந்து ராயப்பன் குரல். "ஏலே, நெலா போயிட்டா?"

"போயிட்டு லே. நான் நிக்கேன்."